தம்புரா காட்டிக்கொடுத்த சத்தம்

வீட்டிலிருந்த கர்நாடக இசை சிடிகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கியதும் முதலில் மாட்டியது ஓர் ஆலாபனை. பின்னால் தம்புரா சீராக ஓடிக்கொண்டிருக்க, இடையிடையே ‘டிக்’, ‘டிக்’. மிருதங்கம் சேர்ந்துவிட்டால் அந்தச் சத்தம் எங்கேயோ ஒளிந்துகொள்கிறது. அதே சிடி பழைய பிளேயரில் ஒழுங்காகப் பாடுகிறது. அப்படியானால் சிடியில் குறையில்லை என்றுதானே தோன்றும்?

பிளேயர் படிப்பது நிதானமான வேகத்தில். படிக்க முடியாத இடம் வந்தால் முன்னும் பின்னும் இருப்பதை வைத்து உத்தேசமாக இட்டு நிரப்பிவிடும். காதுக்குப் பெரும்பாலும் தெரியாது. கணினி டிரைவ் அதைப் பல மடங்கு வேகத்தில் சுழற்றுவதால் கீறல் வரும் இடத்தில் தடுமாற்றம் அதிகம். இன்னொன்றும் உண்டு. இசை சிடியில் ஒரு நொடி இசை 75 செக்டர்களாக, அதாவது சிறு துண்டுகளாக, இருக்கும். ஒவ்வொன்றிலும் இருக்கும் 2352 பைட்டும் இசைக்கே. டேட்டா சிடியில் அதில் 2048 பைட்தான் கோப்புக்கு. மீதி முகவரிக்கும் கூடுதல் பிழைதிருத்தத்துக்கும் போகிறது. அதனால்தான் டேட்டா கெட்டால் ‘படிக்க முடியவில்லை’ என்று கணினி கத்துகிறது. பாட்டு கெட்டால் வாயைத் திறக்காமல் ‘முடிந்தது’ என்கிறது.

எனக்கு உதவிய முதல் சோதனை மிக எளிது. ஒரே டிராக்கை மறுபடியும் ஏற்றி, ‘டிக்’ அதே நொடியில் விழுகிறதா என்று கேட்பது. இடம் மாறினால் கோளாறு படிக்கும் விதத்தில். துல்லியமான முகவரி இல்லாததால், டிரைவ் நடுவில் நின்று திரும்பத் தொடங்கும்போது இம்மி தள்ளி ஆரம்பிக்கக்கூடும். அந்த ஒட்டுதான் ‘டிக்’. இடம் மாறாவிட்டால் பெரும்பாலும் சிடியிலேயே கோளாறு.

என்னிடம் இரண்டு வகையும் இருந்தன. இடம் மாறும் வகைக்குச் சாதாரண பிளேயர் மென்பொருளை விட்டுவிட்டு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற, சிடியை நகலெடுக்கும் மென்பொருளுக்கு மாறினேன். அதன் செக்யூர் முறை ஒவ்வொரு பகுதியையும் குறைந்தது இரண்டு முறை படித்து ஒப்பிடும். ஆனால் நிறுவியதும் அப்படியே ஓட்டிவிடக் கூடாது. பல டிரைவ்கள் படித்ததைத் தம் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, இரண்டாம் முறை கேட்டால் சிடியைத் தொடாமல் அதையே நீட்டும். பரீட்சையில் தன் விடைத்தாளைத் தானே பார்த்து எழுதுவது போல! டிரைவ் அமைப்பில் இதைக் கண்டறியச் சொல்லி, வேகத்தையும் குறைத்தேன். அலையும் ‘டிக்’குகள் போயின.

சரியாக வந்ததா என்று பார்க்க அக்யூரேட்ரிப் என்ற இணையத் தரவுத்தளம் இருக்கிறது. இதே சிடியை ஏற்றிய மற்றவர்களின் கணக்கோடு ஒப்பிட்டுச் சொல்லும். நம்ம ஊர் கச்சேரி சிடிகளில் பல அதில் அகப்படவில்லை. அப்போது அதே மென்பொருளில் டிராக்கை இரண்டு முறை படிக்கும் டெஸ்ட் அண்ட் காப்பி வைத்து, இரண்டு முறையும் சிஆர்சி எண் (படித்த தரவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் வழி. வேறு டிரைவில் போட்டு ஒப்பிடுபவர்கள் முதலில் ஆஃப்செட்டை, அதாவது டிரைவுக்கு டிரைவ் படிக்கத் தொடங்கும் இடம் இம்மி மாறுவதை, சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் நல்ல நகலுக்கும் எண் மாறும்.

இடம் மாறாத வகைக்கு மென்மையான துணியும் சோப்புத் தண்ணீரும் பாதி வேலையைச் செய்தன. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேராகத் துடைக்க வேண்டும், சுற்றிச் சுற்றி அல்ல. தடத்தின் நீளவாக்கில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் பழுது வரைதான் சிடியின் பிழைதிருத்தம் தாங்கும். வட்டமாகக் கீறல் விழுந்தால் கதை முடிந்தது. பெயர் அச்சிட்ட பக்கத்துக் கீறல் அதைவிட மோசம். உலோகப் பூச்சு அந்தப் பக்கத்து மேல்தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தபோது ஒரு சிடியின் ஓரத்தில் ஊசித் துளைகளாக வெளிச்சம் தெரிந்தது. சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால் ஓரம் என்றால் கடைசி டிராக். மங்களம் போச்சு.

அப்புறம், ராகம் தானம் பல்லவி. மூன்றும் தனித்தனி டிராக், ஆனால் கச்சேரி இடைவிடாமல் ஓடுகிறது. எம்பி3யில் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு விக்கல். அந்த வடிவம் 1152 சாம்பிள் (ஒலியின் ஒரு கண அளவீடு) கொண்ட கட்டுகளாக வேலை செய்வதால் கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் மௌனம் சேர்ந்துவிடும். அதைக் கழித்து இசைக்கும் பிளேயர்கள் உண்டு, காரில் இருக்கும் பிளேயருக்கு அது தெரியவில்லை. ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தில் இந்தத் தொல்லையே இல்லை. மூல அளவில் ஏறத்தாழ பாதி இடம் பிடிக்கும், அவ்வளவுதான்.

1980களில் வந்த ஒரு சிடியில் ‘டிக்’ எதுவும் இல்லை, ஆனால் வயலின் காதைக் குத்தியது. அது பிரி-எம்ஃபசிஸ். அக்காலத்தில் சில சிடிகளில் உச்ச ஸ்தாயி ஒலிகளைத் தூக்கிப் பதிவார்கள். பிளேயர் குறியைப் பார்த்துத் தானே தணித்துவிடும். கணினி அப்படியே எடுத்துக்கொள்கிறது. நகலெடுக்கும்போது டிராக் விவரங்களைக் குறித்துவைக்கும் க்யூ கோப்பில் அதற்கான குறி இருந்தது. சாக்ஸ் என்ற இலவச மென்பொருளின் டீ-எம்ஃபசிஸ் கட்டளையைக் கொடுத்ததும் வயலின் அடங்கியது.

கடைசியாக, ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கிய சினிமாப் பாடல் சிடிகள். மங்கலாகக் கேட்டன. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) பார்த்தால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தரித்தது போல் வெறுமை. எம்பி3யிலிருந்து எடுத்துப் பதிந்தவைதான். அவற்றை ஏற்றாமல் அப்படியே டப்பாவில் போட்டுவிட்டேன்.