கொட்டலசு சுரண்டிய மூன்று நாள்

மீன்பிடித் தடைக்காலம் 61 நாளில்தான் எங்கள் சின்ன விசைப்படகு கரையேறும். இந்த முறை பாம்பனில் நானும் சித்தப்பாவும் அடிப்பாகத்தைச் சுரண்டினோம். படகடியில் ஒட்டி வளரும் ஓட்டு உயிரியான கொட்டலசு சுலபமாகப் பெயர்ந்தது. அது ஒட்டாமலிருக்க அடித்த பழைய பெயிண்ட்தான் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு விடவில்லை. அதைக் காய்ந்தபடி உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. செம்பு ஆக்சைடு கலந்த தூசி நெஞ்சுக்குள் போய்விடும். முகமூடி போட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்த்தோம்.

"மெதுவாடா, பலகையைத் தின்னுடாதே" என்றார் சித்தப்பா.

விழுந்த தூளைத் தார்ப்பாயோடு அள்ளிச் சாக்கில் கட்டினோம். கடலில் விட எனக்கு மனம் வரவில்லை, நாளைக்கு அங்கேதானே வலை வீச வேண்டும்.

அப்புறம் பிரைமர், மேலே இரண்டு கோட். நீர்மட்டக் கோட்டிலும் சுக்கானிலும் மூன்றாவது. புரொப்பெல்லருக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்று அடியில் பொருத்திய துத்தநாகக் கட்டியில் மட்டும் ஒரு துளி படவிடவில்லை. பெயிண்ட் மூடினால் அது வேலை செய்யாது, புரொப்பெல்லர் அரிபட்டுவிடும். ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிகிறது. அதற்குள் காய்ந்துவிடும்.