கோப்பைக்கு முன்னால் முழங்கை

செங்கோட்டையில் பள்ளிப் பையன்களுக்குக் கிரிக்கெட் கற்றுத்தரும் எனக்கு, வார இறுதிதோறும் ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் அணிகளை அழைத்துச் செல்லும் வழக்கம் பெருகுவது மகிழ்ச்சியோடு கவலையையும் தருகிறது. அமெரிக்காவில் ஊர் ஊராகப் பயணம் செய்து ஆடும் சிறுவர் பேஸ்பால் அணிகள் இந்தப் பாதையில் வெகுதூரம் போய்விட்டன. ஒரே சிறுவன் பல அணிகளுக்குப் பந்தெறிந்து, எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு நீள இடம்தரும் மென்மையான குருத்தெலும்புப் பகுதிகள்) இன்னும் மூடாத முழங்கையைக் கெடுத்துக்கொள்வதைத் தடுக்க, 2014-இல் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பும் யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து வயதுவாரியான வரம்புகளை வெளியிட்டன. 11, 12 வயதினர் ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது. 66-ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. ஆண்டில் குறைந்தது நான்கு மாதம் எறிவதையே நிறுத்திவைக்க வேண்டும் என்பதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

இங்கே பள்ளி அணி, சங்க அணி, கோயில் கொடை விழாவையொட்டிய போட்டி என்று மூன்று இடங்களில் வீசும் பையனின் மொத்தக் கணக்கு யாரிடமும் இருப்பதில்லை. மேலும், எட்டாவதாக மட்டை பிடிப்பவனுக்கு ஒரு நாள் பயணத்தில் கிடைப்பது சில பந்துகளே; வலைப்பயிற்சியில் அவன் ஒரு மணி நேரத்தில் அதைப்போலப் பல மடங்கு ஆடிவிடுவான். ஆகவே பெற்றோர்களே, எல்லா அணிகளுக்குமாக உங்கள் மகன் வீசும் பந்துகளை ஒரே நோட்டில் எழுதி, ஒவ்வொரு பயிற்சியாளரிடமும் காட்டுங்கள்.