சுற்றாத காற்றுமானி: உடுமலை மொட்டைமாடிக் குறிப்புகள்

ஜனவரி, முதல் வாரம்

காற்றின் வேகத்தை அளக்கும் பழைய கிண்ணக் காற்றுமானியை இன்று கம்பத்திலிருந்து இறக்கினேன். மூன்று ஆடி மாதங்களைத் தாங்கிய கருவி. பேரிங்கில் செம்மண் தூசி ஏறி இறுகிவிட்டது. வேப்பிலை நன்றாக அசைகிற காற்றுக்குக்கூடக் கிண்ணங்கள் நகரவில்லை. 1846-இல் அயர்லாந்தின் அர்மா வானாய்வகத்தில் வானியலாளர் ராபின்சன் உருவாக்கிய நான்கு கிண்ண அமைப்பின் வழிவந்தது இது. எளிமையான, நேர்மையான கருவி. ஆனால் சுற்றுகிற எதுவும் ஒருநாள் தேயும். பாலக்காட்டுக் கணவாயின் சுமார் 30 கி.மீ. அகல இடைவெளியில் புகுந்து வரும் காற்று எங்கள் ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓய்வதில்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒவ்வோர் ஆண்டும் வாழைக்கு முட்டுக் கொடுக்கும் நேரத்தில் "போன வருஷம் எவ்வளவு வேகம் அடித்தது?" என்று என்னிடம்தான் கேட்பார். அவருக்குச் சரியான எண்ணைச் சொல்ல வேண்டும்.

அதனால் இந்த முறை நகரும் பாகமே இல்லாத, காதுக்குக் கேட்காத ஒலியால் அளக்கும் மீயொலிக் காற்றுமானி. அடிப்படை மிக எளிது. எதிரெதிரே இரண்டு சென்சார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒலி போகும் நேரத்தையும், திரும்பி வரும் நேரத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். காற்றோடு போகும் ஒலி சீக்கிரம் சேரும், எதிர்த்துப் போவது தாமதமாகும். இரண்டு நேரங்களிலிருந்தும் கிடைக்கும் வேகங்களைக் கழித்துப் பாதியாக்கினால் காற்றின் வேகம். கூட்டிப் பாதியாக்கினால் ஒலியின் வேகம். இந்தக் கழித்தலில் வெப்பநிலை தானாகவே விலகிவிடுகிறது. இப்படி ஒரு ஜோடி வடக்கு-தெற்காக, இன்னொன்று கிழக்கு-மேற்காக வைத்தால் திசையும் கிடைக்கும்.

ஜனவரி 26

எச்.சி.-எஸ்.ஆர்.04 தூரமானிப் பலகைகளிலிருந்து 40 கிலோஹெர்ட்ஸ் சென்சார்களைப் பிரித்தெடுத்து, 200 மி.மீ. இடைவெளியில் பி.வி.சி. குழாயில் பொருத்தினேன். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி இந்தத் தூரத்தைக் கடக்க சுமார் 572 மைக்ரோவினாடி ஆகும். வினாடிக்கு 1 மீட்டர் காற்று அடித்தால் போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 3.3 மைக்ரோவினாடி. ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகையின் வழக்கமான மைக்ரோவினாடிக் கணக்கு 4, 4 ஆகத்தான் நகரும் என்பதால் அது இந்த வேலைக்கு உதவாது. 72 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எஸ்.டி.எம்.32 பலகைக்கு மாறினேன். அதன் டைமர் ஒரு துடிப்பை ஏறக்குறைய 14 நானோவினாடி நுணுக்கத்தில் பிடிக்கிறது. சென்சாரை உரக்கப் பேசவைக்க மேக்ஸ்232 சிப், வரும் ஒலியைப் பெருக்க ஒரு ஆப்-ஆம்ப், ஒலி குறித்த அளவைத் தாண்டியதும் விழித்து வந்ததைச் சொல்ல எல்.எம்.393 சிப்.

பிப்ரவரி, மூன்றாம் வாரம்

சமையலறை மேசையில் ஒரு ஜோடி வேலை செய்கிறது. டேபிள் ஃபேனை முன்னே வைத்தால் வினாடிக்கு 3.2, 3.1, 3.3 மீட்டர் என்று அழகாக வருகிறது, திடீரென்று 10.4, மறுபடி 3.2. இரண்டு இரவுகள் இணைப்புகளைத் தேடினேன். ஷீல்டு வயர் மாற்றினேன், பவர் சப்ளை மாற்றினேன், எதுவும் பலிக்கவில்லை.

விடை கண் முன்னேயே இருந்தது. கூட்டலில் கிடைக்கும் ஒலி வேகத்தை வெப்பநிலையாக மாற்றிப் பக்கத்துப் பத்தியில் அச்சிட்டுக்கொண்டிருந்தேன். காற்று 10.4 என்று தாவிய ஒவ்வொரு வரியிலும் வெப்பநிலை 31-இலிருந்து 19-க்கு விழுந்திருந்தது. மாசி மாதச் சமையலறை ஒரு நொடியில் 12 டிகிரி குளிர்ந்து மறுநொடியே சூடாகாது. அப்படியானால் தவறியது நேரம். 40 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலைக்கு ஆகும் நேரம் 25 மைக்ரோவினாடி. இந்தச் சென்சார்கள் அதிரத் தொடங்கி முழு வலு பெறப் பத்துக்கும் மேற்பட்ட அலைகள் ஆகின்றன. அலைகள் ஒவ்வொன்றாக வளர்ந்துதான் வரும். காற்றின் கொந்தளிப்பில் ஒலி சற்று மங்கினால், நான்காவது அலையில் விழித்துக்கொள்ள வேண்டிய எல்.எம்.393 ஐந்தாவதில் விழிக்கிறது. அந்த 25 மைக்ரோவினாடிதான் வினாடிக்கு 7 மீட்டர் பொய்க்காற்றாக மாறுகிறது.

இந்த முயற்சி முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். காற்றை அளக்கும் கருவி, கேட்காமலேயே தன் தவறைக் காட்டும் சாட்சியையும் கூடவே தருகிறது. ஒரு சின்ன வெப்பமானியை அருகில் வைத்தேன். ஒலி சொல்லும் வெப்பநிலை அதிலிருந்து ஆறு டிகிரிக்கு மேல் விலகினால் அந்த அளவீட்டை எறிந்துவிடுகிறேன். போகும் வழியில் தவறியதா, வரும் வழியிலா என்பதை ஆராயவில்லை. வினாடிக்குப் பத்து அளவீடுகள் வரும்போது ஒன்றை இழப்பதால் நட்டமில்லை. ஒரு வழியில் ஓர் அலை முந்தி, மறுவழியில் ஓர் அலை பிந்தினால் மட்டும் ஒலி வேகம் ஏறக்குறைய மாறாது, பிழை இரட்டிப்பாகும். அதற்குத் தனியாக, முந்தைய அளவீட்டிலிருந்து வினாடிக்கு 12 மீட்டருக்கு மேல் தாவினால் தள்ளிவிடும் விதி ஒன்று.

மார்ச்

சென்சாரும் சுற்றும் சேர்த்துச் செய்யும் தாமதத்தைக் கண்டுபிடிக்கும் வேலை. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிக்குள் பழைய மெத்தைப் பஞ்சை அடைத்துக் காற்றில்லா அறை ஒன்று செய்தேன். ஒரே அலையைத்தான் பிடிக்கிறது என்று, அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் பார்த்துக்கொண்டு, 200 மி.மீ. இடைவெளியில் 731 மைக்ரோவினாடி, 600 மி.மீ.யில் 1,872 என்று அளந்தேன். அதிகப்படி 400 மி.மீ.க்கு 1,141; அதாவது ஒலி வேகம் வினாடிக்கு 350.6 மீட்டர். தாமதம் 160 மைக்ரோவினாடி.

ஆனால் பெட்டிக்குள் வெப்பமானி காட்டியது 29 டிகிரி. உலர்ந்த காற்றில் அதற்கு உரிய ஒலி வேகம் 349-தான். இந்த வேக வித்தியாசம், வெப்பநிலையில் சொன்னால் ஏறக்குறைய இரண்டரை டிகிரி, எங்கிருந்து வந்தது? ஈரப்பதத்திலிருந்து. நீராவி மூலக்கூறு நைட்ரஜனையும் ஆக்சிஜனையும்விட இலேசானது. ஈரக் காற்றில் ஒலி சற்று வேகமாகப் போகிறது. கருவி சொன்னது உண்மை, சூத்திரத்தில் நான் நீராவியைச் சேர்க்கவில்லை.

மே 18

திறந்த வகைச் சென்சார்கள் கோடை மழை ஒன்றிலேயே செத்துவிட்டன. வலைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. இப்போது கார் பார்க்கிங் சென்சாராக விற்கும் மூடிய வகை. சத்தம் குறைவு, ஆனால் நனைந்தாலும் உயிரோடு இருக்கிறது.

இன்று வேகச் சோதனை. அண்ணனின் மினி லாரியில் கேபினுக்கு மேல் ஒன்றரை மீட்டர் கம்பம் கட்டி, விடியற்காலை ஐந்தரை மணிக்கு, இலை அசையாத நேரத்தில், தோட்டச் சாலையில் போயும் வந்தும் ஓட்டினோம். போகவர இரண்டின் சராசரியை எடுத்தால் இருக்கும் கொஞ்சநஞ்சக் காற்றும் கழிந்துவிடும். ஜி.பி.எஸ். வேகம் மணிக்கு 36 கி.மீ., அதாவது வினாடிக்கு 10 மீட்டர். ஒரு ஜோடி நேராகப் பயணத் திசையை நோக்கியிருந்தபோது கருவி 8.7 காட்டியது. சென்சார்கள் பொருத்திய சட்டத்தை 45 டிகிரி திருப்பி ஓட்டியபோது 9.4.

முன்னால் நிற்கும் சென்சாரின் உடல் காற்றை மறைக்கிறது. ஒலி செல்லும் பாதையின் ஒரு பகுதி அந்த நிழலில் விழுகிறது. எங்கள் ஊரில் பெருங்காற்று எப்போதும் மேற்கிலிருந்து. வழக்கம்போல் ஒரு ஜோடியைக் கிழக்கு-மேற்காக வைத்திருந்தால், எந்தக் காற்றை அளக்க வேண்டுமோ அதையே மிக மோசமாக அளந்திருப்பேன். சட்டத்தை 45 டிகிரி திருப்பிவைத்து, மீதிக் குறைவைக் கோண வாரியான திருத்தப் பட்டியலால் சரிசெய்கிறேன். சந்தையில் கிடைக்கும் வைசாலா நிறுவனத்தின் மீயொலிக் கருவிகள் மூன்று சென்சார்களை முக்கோணமாக வைப்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. மூன்று பாதைகள் இருப்பதால், நிழலில் அதிகம் விழுகிற பாதையை விட்டுவிட முடியும்.

ஜூன் 30

கருவி மொட்டைமாடியில், நான்கு மீட்டர் கம்பத்தில் ஏறிவிட்டது. சராசரித் திசைக்கு டிகிரிகளை நேரடியாகக் கூட்டி வகுக்கக் கூடாது; 350-க்கும் 10-க்கும் சராசரி 180 என்று வடக்குக் காற்றைத் தெற்காக்கிவிடும். இரண்டு ஜோடிகளின் வேகங்களைத் தனித்தனியே சராசரி எடுத்து, கடைசியில் கோணமாக்குகிறேன். திரையில் திசையைத் தமிழ்ப் பெயரிலேயே எழுதியிருக்கிறேன்: கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். வானிலையாளர்களும் காற்றை அது வரும் திசையால்தான் குறிக்கிறார்கள். அதனால் மாற்றமே தேவைப்படவில்லை.

ஆகஸ்ட் 4

ஆடி முடியப்போகிறது. இதுவரை பதிவான உச்சக் காற்று (மூன்று வினாடிச் சராசரி) வினாடிக்கு 16.4 மீட்டர், மணிக்கு 59 கி.மீ. அண்ணன் அதைத் தன் கணக்கு நோட்டில் தேதியோடு குறித்துக்கொண்டார். அன்று அவர் தோட்டத்தில் முட்டுக் கொடுக்காத வரிசையில் பதினொரு வாழைகள் சாய்ந்தன.

மீதமுள்ள தொல்லை மழை. சாரலில் எறியும் அளவீடுகள் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. ஆனால் ஜூலையில் ஒருநாள் அடித்துப் பெய்த அரைமணி நேரத்தில் நூற்றுக்கு நாற்பது போயிற்று. சென்சார் முகத்தின் கீழ் விளிம்பில் துளி தொங்கி நிற்கிறது. கார் மெழுகு தடவினால் நான்கு நாள் தாங்குகிறது. ஒரு காகம் சட்டத்தின் மேல் வந்து உட்காருவதையும் பழக்கமாக்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு நான்கு கம்பி முள் போதும். துளிக்கு, முகங்களைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து ஒரு புதிய சட்டம் வெட்டக் கொடுத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் அதை ஏற்றிவிட வேண்டும்.