ஆயிரம் ரூபாய்க்கெல்லாம் அப்ரூவல் கேட்க வைக்காதீர்கள்

சைட் இன்ஜினியர்களுக்குச் சொந்தமாக யோசிக்கவே தெரியவில்லை என்று நம் பக்கத்துக் கான்ட்ராக்டர்கள் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. யோசனை வரத்தான் செய்கிறது. செய்து பார்க்க ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டால்கூட ஆபீஸைக் கேட்க வேண்டும். "வழக்கம்போலவே பண்ணுங்க" என்று பதில் வரும். ரெண்டு தடவை அப்படிக் கேட்டவர் அப்புறம் எதற்கு வாயைத் திறப்பார்?

கிருஷ்ணகிரி, தர்மபுரியில் நாங்கள் எடுக்கும் வேலைகளை மேற்பார்ப்பது என் பொறுப்பு. சைட் இன்சார்ஜ் ஒவ்வொருவருக்கும் மாதம் 5,000 ரூபாய், அவர் விருப்பப்படி எதையாவது செய்து பார்க்க ஒதுக்கச் சொன்னேன். பலிக்காவிட்டாலும் கேள்வி கிடையாது. என்ன செய்தோம், என்ன ஆச்சு என்று நாலு வரி எழுதினால் போதும்.

காவேரிப்பட்டணம் சைட்டில் பில்லர் க்யூரிங், அதாவது கான்கிரீட் வலுப்பெறும்வரை ஈரமாக வைத்திருப்பது, பெரிய தலைவலி. தளம் என்றால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திவிடலாம். பில்லருக்குச் சாக்கு சுற்றி ஹோஸில் அடித்தாலும் சித்திரை வெயிலுக்குச் சீக்கிரமே காய்ந்துவிடும். பி.பி.சி. (நிலக்கரிச் சாம்பல் போன்றவை கலந்த) சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் விடாமல் இருக்க வேண்டும், 14 நாள் வரை நீட்டினால் நல்லது என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. ஒரு ஆள் நாள் முழுக்க ஹோஸும் கையுமாகவே நிற்க முடியுமா?

அங்கே இன்சார்ஜாக இருக்கும் தம்பிக்குப் பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டம் உண்டு. அங்கிருந்து பழைய 16 எம்.எம். டிரிப் பைப்பைக் கொண்டுவந்து, பில்லர் தலையில் சாக்கின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, சாரத்தில் வைத்த டிரம்மோடு இணைத்தார். சில நாளிலேயே போர் தண்ணீரின் சுண்ணாம்பு படிந்து, பைப்பில் தண்ணீரைச் சொட்டவிடும் சொட்டுவான் அடைத்துக்கொண்டது. பழைய நடைமுறையில் கதை அங்கேயே முடிந்திருக்கும். பக்கத்தில் நின்ற மேஸ்திரி, "அதைப் புடுங்கிட்டு ஊசியில ஓட்டை போடுங்க தம்பி, அடைச்சா மறுபடி குத்திக்கலாம்" என்றார். சாக்குக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட்டும் சுற்றினார்கள். மதியம் மூன்று மணி வெயிலில் ஷீட்டை விலக்கிக் கை வைத்துப் பார்த்தேன், அடிவரை சில்லென்று ஈரம். ஹோஸ் பிடித்த ஆள் செங்கல் வேலைக்குப் போய்விட்டார்.

ஒன்றில் மட்டும் நான் கறார். கம்பி, கலவை விகிதம், கவர் பிளாக் (கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி விடும் கட்டை), கான்கிரீட்டைத் தாங்கும் முட்டுப் பிரிக்கும் நாள் இவற்றில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுதித் தராமல் யாரும் புதுமை செய்யக் கூடாது. மற்றபடி முதலில் ஒரு பில்லரிலோ ஒரு சுவரிலோ பார்த்துவிட்டு, சரிவந்தால் மற்றதற்குப் போகலாம்.

வாராந்திர மீட்டிங்கில் இப்போது மேஸ்திரிகளும் உட்காருகிறார்கள். போன வாரம் ஓசூர் சைட் மேஸ்திரி, எம்-சாண்டை இறக்கும் இடத்தை மாற்றினால் சித்தாள்களுக்குப் பாதி நடை மிச்சம் என்றார். இன்சார்ஜ் என் முகத்தைப் பார்க்காமலே, "நாளைக்கே மாத்திப் பார்த்துடலாம்ணே" என்றார்.