சார்ஜர் காணவில்லை என்று கதவை உதைத்தவன்

இருபது வயதுப் பையன் சார்ஜர் காணவில்லை என்பதற்காகக் கதவை உதைப்பானா? என் மகன் உதைத்தான். தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. கல்லூரியைப் பாதியில் விட்டு வந்து ஆறு மாதம். பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் விளையாட்டு, ஏதாவது கேட்டால் எரிந்து விழுவது. பத்து வயதுப் பிள்ளைக்கு இருக்கும் பொறுப்புகூட இல்லையே என்று நான் அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்றார்கள் சிலர். போன்தான் காரணம் என்றார்கள் வேறு சிலர். போனைப் பிடுங்கி வைத்தேன். மூன்று நாள் வீடு போர்க்களமானது, அவ்வளவுதான்.

அவனுடைய அம்மாதான் ஒரு நோட்டுப் போட்டாள். எப்போது கத்தினான், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது, முதல் நாள் எத்தனை மணிக்குத் தூங்கினான், இவ்வளவுதான் எழுதினாள். மூன்று வாரம் கழித்துப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பாதிக்கு மேல் என்னுடைய "அது என்ன ஆச்சு?" என்ற கேள்விக்குப் பிறகுதான் வந்திருந்தன. விண்ணப்பம் நிரப்புவது, யாருக்காவது போன் செய்வது என்று எதையாவது ஆரம்பிக்க வேண்டிய நாட்களில் மீதி.

நோட்டை எடுத்துக்கொண்டு குடும்ப டாக்டரிடம் போனோம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் எரிச்சலும் படபடப்பும் வரும் என்று ரத்தப் பரிசோதனை எழுதினார். குறட்டை உண்டா என்றுகூடக் கேட்டார். தூக்கத்தில் மூச்சு தடைப்பட்டால் பகலில் சிடுசிடுப்பு வருமாம். பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் குடி, போதைப் பழக்கம் பற்றிப் பேசினார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான்?

பரிசோதனையில் எதுவும் தட்டுப்படவில்லை. மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

அவர் கேட்டது பழைய பள்ளி ரிப்போர்ட் கார்டுகளை. ஏ.டி.ஹெச்.டி, அதாவது கவனம் நிலைக்காமலும் துறுதுறுப்பு அடங்காமலும் இருக்கும் குறைபாடு, என்று சொல்ல வேண்டுமானால் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே, அதுவும் வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிந்திருக்க வேண்டும். ரத்தத்திலோ ஸ்கேனிலோ கண்டுபிடிக்க முடியாது. நான்காம் வகுப்பு ஆசிரியை எழுதியிருந்தார்: கெட்டிக்காரன், கவனம் சிதறுகிறது, பொருட்களைத் தொலைக்கிறான். அந்த வயதில் அதைக் குறும்பு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

நான்கு மாதத்தில் பல சந்திப்புகள். ஏ.டி.ஹெச்.டியோடு மனச்சோர்வும் இருப்பதாகச் சொன்னார். சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்றுதான் எனக்குத் தெரியும். இளவயதில் அது எரிச்சலாகவும் வெளியே வருமாம். திட்டமிடுவது, தள்ளிப்போடாமல் ஆரம்பிப்பது, கோபத்தை அடக்குவது இதெல்லாம் மூளையின் முன்பகுதி பார்க்கும் வேலை. யாருக்குமே அது முதிர்ந்து முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகும், இவனைப் போன்றவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம் என்று விளக்கினார். ஒருநாள் திரும்பி வரும்போது அவனே சொன்னான்: "காலையில எழுந்ததும், இன்னைக்கு எதைக் கெடுக்கப் போறேனோன்னுதாம்ப்பா பயமா இருக்கும்."

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

இப்போது மாத்திரையும் கவுன்சலிங்கும் போகின்றன. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்கிறோம், ராத்திரியில் விவாதம் கிடையாது. அதற்காகக் கதவை உதைப்பது சரியாகிவிடாது. தாழ்ப்பாளை அவனையே வாங்கி வந்து மாட்ட வைத்தேன், கோணலாகத்தான் மாட்டினான். கல்லூரிக்குத் திரும்புவது பற்றி இன்னும் முடிவாகவில்லை.

சார்ஜர் இன்னமும் தொலைகிறது. போன வாரம் என்னுடையதை எடுத்துப் போய் அதையும் தொலைத்துவிட்டு வந்தான். இந்தத் தடவை கத்தியது நான்.