இன்ஸ்டாலர் ஃபோல்டரில் முடங்கிக் கிடந்த 18 ஜிபி

ஒருவழியாக சி டிரைவின் சிவப்புக் கோடு நீலமாகிவிட்டது. 4 ஜிபிதான் மிச்சம் என்று நின்ற இடத்தில் இப்போது 34 ஜிபி காலி. லேப்டாப் பழசு: ஐந்தாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், பின்னால் மாற்றிப் போட்ட 128 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் கணக்கில் அது 119 ஜிபிதான். டிஸ்க் கிளீனப், டெம்ப், டவுன்லோட்ஸ் எல்லாம் எப்போதோ முடித்தாயிற்று. அதற்கு மேலும் மாதாமாதம் இடம் கரைந்துகொண்டே இருந்ததுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் விஸ்ட்ரீயை அட்மினாக ஓட்டினேன். ஃபோல்டர் ஃபோல்டராக நுழைந்து எண்ணாமல் டிரைவின் கோப்புகளைப் பட்டியலிட்டு வைத்திருக்கும் எம்எஃப்டி அட்டவணையையே நேரடியாகப் படிக்கிறது. அதனால் சில நொடிகளில் முழுக் கணக்கும் கைக்கு வந்துவிடுகிறது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் மட்டும் 23 ஜிபி! எக்ஸ்ப்ளோரரில் இது சாதாரணமாகக் கண்ணில் படாது. பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளையும் காட்டு என்று அமைப்பை மாற்றினால்தான் தெரியும். டிஸ்க் கிளீனப்பும் ஸ்டோரேஜ் சென்ஸும் இதன் பக்கமே போவதில்லை.

எம்எஸ்ஐ என்ற விண்டோஸ் நிறுவல் கோப்பு வழியாக நிறுவும் ஒவ்வொரு மென்பொருளும் தன் எம்எஸ்ஐயின் நகல் ஒன்றை இங்கே விட்டுவைக்கும். அப்டேட் வரும்போது எம்எஸ்பி என்ற பேட்ச் கோப்புகள் சேரும். பிறகு ரிப்பேர் செய்ய, நீக்க, அடுத்த பேட்ச் போட இவை வேண்டும். 'மொத்தமாக அள்ளி டெலீட் பண்ணு, ஒன்றும் ஆகாது' என்று சொல்பவர்களை நம்பவே நம்பாதீர்கள். அந்த நேரத்துக்கு ஒன்றும் ஆகாதுதான். அடுத்த அப்டேட் வந்து மூல எம்எஸ்ஐ எங்கே என்று கேட்டு நிற்கும்போது தெரியும், அந்த மென்பொருளை நீக்கக்கூட முடியாது.

சரி, எது தேவை, எது அநாதை? உள்ளே இருப்பதெல்லாம் எண்ணும் எழுத்தும் கலந்த பெயர்கள். பெயரைப் பார்த்து ஒன்றும் புரியாது. இதற்கு எக்ஸ்ப்ளோரரிலேயே ஒரு வழி இருக்கிறது. டீட்டெயில்ஸ் வியூவில் தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து 'சப்ஜெக்ட்' என்ற பத்தியைச் சேர்த்தால், எந்தக் கோப்பு எந்த மென்பொருளுடையது என்று பக்கத்திலேயே வந்துவிடும். அளவுவாரியாக அடுக்கிப் பார்த்தேன். ஒரே பிடிஎஃப் மென்பொருளின் பெயர் வரிசையாக இறங்கிக்கொண்டே போகிறது, ஒவ்வொன்றும் சில நூறு எம்பி.

முதலில் பேட்ச்கிளீனர் என்ற கருவி. நிறுவப்பட்ட மென்பொருள்கள், பேட்ச்களின் பட்டியலை விண்டோஸிடமே வாங்கி, ஃபோல்டரில் இருப்பதோடு ஒப்பிட்டு, யாரும் உரிமை கொண்டாடாதவற்றைத் தனியே காட்டும். அழிக்கலாம், வேறு இடத்துக்கு நகர்த்தவும் செய்யலாம். கண்ணை மூடிக்கொண்டு நகர்த்துங்கள் என்பேன், அதுவும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு. ஏதாவது மென்பொருள் தேடினால் அதே பெயரில் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடலாம். எனக்கு 7 ஜிபி இப்படி வெளியேறியது.

ஆனால் அந்தப் பிடிஎஃப் கோப்புகளில் ஒன்றைக்கூட அது தொடவில்லை. பார்த்தால், அவற்றை விலக்கி வைக்கும் ஃபில்டர் முன்னிருப்பாகவே போட்டிருக்கிறார்கள். அநாதை போலத் தெரிந்தாலும் அடுத்த அப்டேட்டுக்கு அவை தேவைப்படுமாம். ஃபில்டரை எடுத்துவிட்டு நகர்த்தலாம்தான், எனக்கு மனம் வரவில்லை. அந்த மென்பொருளை முழுதாக நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, புதிய பதிப்பை மறுபடி நிறுவினேன். நீக்கும்போதே அதன் பேட்ச்கள் எல்லாம் கூடவே கிளம்பிவிட்டன. 11 ஜிபி! இன்ஸ்டாலர் இப்போது 5 ஜிபிதான். இந்த முழு வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எதையும் கையால் அழிக்கவில்லை, எதுவும் உடையவில்லை.

மற்றவை சுருக்கமாக. விண்டோஸ் தன் பாகங்களையும் அப்டேட்டுகளையும் சேர்த்துவைக்கும் விண்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரின் அளவை எக்ஸ்ப்ளோரரில் பார்த்துப் பதற வேண்டாம். அங்கிருக்கும் பல கோப்புகள் சிஸ்டம்32 போன்ற இடங்களோடு ஹார்டு லிங்க்கில் இணைந்தவை, அதனால் ஒரே கோப்பு இரண்டு இடத்திலும் எண்ணப்படும். உண்மையான அளவை விண்டோஸின் டிஸ்ம் கருவியில் உள்ள அனலைஸ் கட்டளை தனியாகச் சொல்லும். அதன் கிளீனப் கட்டளையோடு, பாகங்களின் பழைய பதிப்புகளை நீக்கிவிடும் ரீசெட்பேஸும் சேர்த்துப் போட்டதில் 3 ஜிபி கிடைத்தது. சதவீதம் நடுவில் அசையாமல் நிற்கும், விண்டோவை மூடாமல் விட்டுவிடுங்கள். ரீசெட்பேஸ் போட்டால் ஏற்கெனவே ஏறிய அப்டேட்டுகளைப் பின்வாங்க முடியாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால் எனக்கு அது ஒரு பொருட்டில்லை.

ஹைபர்னேஷன் கோப்பு (திறந்திருப்பதை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணைப்பதற்கானது) ராம் அளவில் 40 சதவீதத்துக்கு டிஸ்க்கில் இடம் பிடித்துக்கொள்கிறது, இதில் 3.2 ஜிபி. பவர்சிஎஃப்ஜி கட்டளையில் 'ரெட்யூஸ்டு' வகைக்கு மாற்றினால் பாதியாகும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் அப்படியே இருக்கும், ஹைபர்னேட் மட்டும் போய்விடும். நான் அதைப் பயன்படுத்துவதே இல்லை. டெலிகிராம் கேஷ் 7 ஜிபி. அதன் செட்டிங்ஸிலேயே உச்சவரம்பு போட்டுவிட்டேன்.

லினக்ஸுக்கு மாறலாமே என்று நண்பர்கள் சொல்லாத நாளில்லை. தமிழ் டிடிபி வேலைக்கான பழைய ஃபான்ட்டுகளும் கோப்புகளும் இதில் ஓடும்வரை அதற்கு வழியில்லை.

அடுத்து டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பொருந்தும் சட்டமான கேடியில் இன்னொரு எஸ்எஸ்டி போடும் எண்ணம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேடி எளிதாகக் கிடைக்கும், ஆனால் தடிமனைக் கேட்காமல் வாங்காதீர்கள். 9.5 மிமீ, 12.7 மிமீ என்று இரண்டு உண்டு, ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. கழற்றிய டிரைவைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்குவதே நல்லது. அதன் முன்பக்க பிளாஸ்டிக் மூடியையும் பின்னால் இருக்கும் சின்ன உலோகத் தகட்டையும் பழைய டிரைவிலிருந்து எடுத்துக் கேடியில் மாட்ட வேண்டும். தகடு இல்லாவிட்டால் ஸ்க்ரூ பிடிக்க இடமில்லை, கேடி வெளியே நழுவி வரும்.

அதற்கு முன் ஒரு வேலை பாக்கி. எக்ஸ்டர்னலுக்கு நகர்த்திய 7 ஜிபியை இன்னும் அழிக்கவில்லை. எல்லா மென்பொருளும் ஒரு சுற்று அப்டேட் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்.