டர்போவா, சூப்பர்சார்ஜரா?

நேத்து ராத்திரி ஃப்ரெண்டு ஒருத்தன் கார் இன்ஜின்ல வர்ற டர்போவும் சூப்பர்சார்ஜரும் ஒண்ணுதானடான்னு கேட்டான், அப்போலேருந்து மனசு ஆறல, அதான் இங்கயே எழுதிடறேன். வேலை ஒண்ணுதான், இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கி அனுப்பறது, காத்து கூடுதலா போனா பெட்ரோலும் கூடுதலா எரிக்கலாம், பவர் ஏறும். ஆனா அமுக்கறதுக்கான சக்தி எங்கேருந்து வருதுங்கறதுலதான் விஷயமே இருக்கு.

சூப்பர்சார்ஜர் கிராங்க்ஷாஃப்ட்லேருந்து, அதாவது இன்ஜினோட மெயின் சுழல் தண்டுலேருந்து, பெல்ட்ல சுத்துது, மிதிச்ச உடனே இழுக்கும். 2015 டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட் எடுத்துக்கோங்க, 6.2 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின், 707 குதிரைத்திறன், அந்த ஊளைச் சத்தத்துக்கே நான் அடிமை. ஆனா ஃபுல்லா மிதிக்கும்போது அந்த சூப்பர்சார்ஜர சுத்தவே இன்ஜின் கிட்டத்தட்ட 80 குதிரைத்திறன் குடுக்கணும்!

டர்போ அப்படியில்ல, சைலன்சர் வழியா வீணா போற புகையே அத சுத்துது. உள்ளங்கையில அடங்கற சக்கரம், நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல போகும். குறை என்னன்னா லேக், அதாவது மிதிச்சதுக்கும் பவர் வர்றதுக்கும் நடுவுல வர்ற தாமதம். 1975ல வந்த போர்ஷே 911 டர்போல வளைவு நடுவுல மிதிச்சா முதல்ல ஒண்ணும் நடக்காது, அப்புறம் மொத்த பவரும் ஒரே அடியா பின் சக்கரத்துல வந்து இறங்கும், பழகாதவன் கைல வண்டி நிக்காது.

1985ல லான்சியா டெல்டா எஸ்4ங்கற ராலி ரேஸ் கார்ல ரெண்டையும் சேர்த்தே போட்டாங்க. இன்ஜின் மெதுவா சுத்தும்போது சூப்பர்சார்ஜர், மேல போனா டர்போ. இங்கிலாந்து ஆர்ஏசி ராலில அந்த கார் இறங்கின முதல் தடவையே ஃபின்லாந்து டிரைவர் ஹென்ரி டொய்வொனன் அதுல ஜெயிச்சாரு. வெறும் 1.8 லிட்டர் இன்ஜின்ங்க அது!

தினசரி ஓட்ட டர்போதான் சரின்னு ஒத்துக்கறேன், ஆனா என் மனசு அந்த லான்சியாகிட்டதான்.